சுருதி இறங்கியது பாடகிக்கா, கோப்புக்கா?

என் ஆய்வேட்டின் நான்காம் இயலில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன்: தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்குள் இப்பாடகியின் ஆதார சுருதி ஏறத்தாழ ஒன்றரைச் சுரத்தானம் இறங்கிவிட்டது. சென்ற மாதம் அவ்வாக்கியத்தையும், அதைச் சார்ந்து நின்ற பதினோரு பக்கங்களையும் நீக்கினேன். அதை முன்னரே ஒரு கருத்தரங்கில் வாசித்திருக்கிறேன். இரண்டு மூன்று மாணவர்கள் தம் கட்டுரைகளில் எடுத்தாண்டும் இருக்கிறார்கள். ஆதலால் நீக்கிய காரணத்தையும் பொதுவில் சொல்வதே முறை. இடையில் நம் ஆவணக்காப்பகங்களைப் பற்றியும் நம் ஆய்வுப் பழக்கத்தைப் பற்றியும் சில கருத்துகள் உண்டு. அவற்றை ஏற்காதோர் மறுக்கலாம்.

பாடகியின் பெயர் இங்குத் தேவையில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அகில இந்திய வானொலியில் ஒலிபரப்பான அவரது கச்சேரி ஒன்று வீட்டுக் கேசட் வழியாக எனக்குக் கிடைத்தது. அதில் ஆதார சட்ஜம் சுமார் 207 ஹெர்ட்ஸ், அதாவது ஐந்தரைக் கட்டை. தொண்ணூறுகளில் தில்லியில் நிகழ்ந்த கச்சேரி ஒன்றின் எட்டுத் தடப் பதிவு ஒரு நிறுவனத்தின் எண்மக் கோப்புகளாக வந்தது. அதில் சட்ஜம் 191 ஹெர்ட்ஸ். நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவே. இருபதாம் நூற்றாண்டில் பெண் பாடகர்களின் சுருதி படிப்படியாக இறங்கி வந்தது என்பது இசை வரலாற்றில் பலரும் பேசும் கருத்து. ஒலிபெருக்கியின் வருகை, மேடைக்கேற்ற ‘கனமான’ குரல் எதுவென்ற ரசனை மாற்றம், வயது என்று அதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. என் இரண்டு எண்களும் அக்கருத்தில் அழகாகப் பொருந்தின. பொருந்தியதால் ஐயம் எழவில்லை. இக்கதையில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்: அந்த எண் கருத்துக்கு எதிராக விழுந்திருந்தால் முதல் நாளே சோதித்திருப்பேன்.

ஐயத்தை எழுப்பியவர் அதே கச்சேரியில் மிருதங்கம் வாசித்த மூத்த வித்துவான். கிழக்குத் தில்லியில் அவர் வீட்டில் ஒரு மாலை அப்பதிவை ஓடவிட்டேன். குரலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தனி ஆவர்த்தனம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். “தம்பி, இது என் மிருதங்கம் இல்லே. மீட்டு மாவு அப்பின இடந்தலை மாதிரி கேக்குது. அதோட, நான் தனியை இவ்வளவு சோம்பலா வாசிச்சதே கிடையாது” என்றார். முதுமையில் தம் இளமைக் காலத்து வாசிப்பைக் கேட்டுப் பலரும் இப்படிச் சொல்வதுண்டு என்று மனத்துக்குள் ஒரு விளக்கம் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். இரவில் உறக்கம் வரவில்லை, கோப்பைத் திறந்தேன்.

முதலில் நாடாவின் கணக்கு. அந்தப் பதிவு அடாட் எனப்படும் எட்டுத் தட எண்ம நாடாக் கருவியில் செய்யப்பட்டது. அலெசிஸ் நிறுவனம் 1991இல் அறிவித்த கருவி அது. வீடியோவுக்கான எஸ்-வி.எச்.எஸ். கேசட்டையே ஒலிக்குப் பயன்படுத்தியதால் விலை பன்மடங்கு குறைந்தது. பெரிய ஸ்டூடியோக்களுக்கு மட்டுமே வாய்த்திருந்த எண்மப் பல்தடப் பதிவு சிறியவர்களுக்கும் எட்டியது. 120 நிமிட வீடியோ கேசட்டில் சுமார் 40 நிமிடம்தான் பதியலாம். எனக்குத் தரப்பட்ட முதல் கோப்போ, நாடா தீர்ந்து இராகத்தின் நடுவே அறுந்து நிற்கும் கோப்பு, ஏறத்தாழ 44 நிமிடம் ஓடுகிறது. நாடாவில் இருக்க முடியாத நான்கு நிமிடங்கள் அதில் இருந்தன.

அடுத்து மின் இரைச்சல். இந்தியாவில் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். மேடையில் கம்பி சரியாக இணைக்கப்படாத ஒலிவாங்கி எதுவும் அந்த முனகலைச் சேர்த்தே பதியும். வயலின் தடத்தின் அமைதியான இடங்களில் தேடியபோது அது 45.4 ஹெர்ட்ஸில் இருந்தது. தொண்ணூறுகளில் நம் மின்கட்டமைப்பு 50இல் நிலைத்து நிற்கவில்லை என்பது உண்மை. 49க்குக் கீழே இறங்கிய நாள்களும் பல. ஆனால் 45.4 வரை இறங்கினால் கட்டமைப்பு முழுவதுமே சரிந்திருக்கும். கச்சேரி இருட்டில்தான் நடந்திருக்கும். 45.4ஐ 48,000/44,100 என்ற விகிதத்தால் பெருக்கினால் 49.4 வருகிறது. அக்காலத்துத் தில்லிக்கு மிகவும் இயல்பான எண்.

நடந்தது இதுதான். பதிவு நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வீதத்தில் செய்யப்பட்டது. நாடாவிலிருந்து கணினிக்கு மாற்றியபோது ஒவ்வொரு மாதிரியும் பழுதின்றி வந்து சேர்ந்தது. ஆனால் கோப்பின் தலைப்பகுதியில் ‘44,100’ என்று எழுதப்பட்டுவிட்டது. சரக்கு சரி, சீட்டு தவறு. அதைத் திறக்கும் எந்த மென்பொருளும் சீட்டை நம்பி, 48,000 மாதிரிகளை ஒரு நொடியில் வாசிப்பதற்குப் பதிலாக 1.088 நொடியில் வாசிக்கிறது. வேகம் குறைகிறது, சுருதி 147 சென்ட் இறங்குகிறது. ஒரு சுரத்தானம் 100 சென்ட் என்பதால் ஒன்றரைக்குச் சற்றே குறைவு. நான் வரலாற்று மாற்றமாக எழுதிய ‘ஒன்றரைச் சுரத்தானம்’ இதுவே.

அடாட் கருவியோடு பழகியவர்களுக்கு இந்த 147 புதிதன்று. முதல் தலைமுறை அடாட் இயல்பாக 48,000இல் ஓடுவது. குறுந்தகட்டுக்குரிய 44,100 வேண்டுமென்றால் சுருதிக் கட்டுப்பாட்டை 147 சென்ட் கீழே இறக்கி வைத்துப் பதிய வேண்டும். அப்படி இறக்கி வைத்ததைப் பதிவாளர் கேசட் உறையில் எழுதினால் உண்டு. எழுதாவிட்டால் இருபது ஆண்டு கழித்து வருபவர் கருவியை இயல்பு நிலையில் ஓட்டுவார், பாடகி ஒன்றரைச் சுரத்தானம் மேலே பாடுவார். ஆக, ஒரே கருவி இரண்டு திசையிலும் பொய் சொல்ல வல்லது.

இங்கே நம் இசைக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். மேற்கத்தியச் செவ்வியல் இசையில் ஒரு பதிவு ஒன்றரைச் சுரத்தானம் இறங்கி ஒலித்தால் பயின்ற செவி உடனே கண்டுகொள்ளும். இன்ன சுரத்தில் எழுதப்பட்ட படைப்பு என்பது தாளிலேயே இருக்கிறது. நமக்கு அப்படியில்லை. சட்ஜம் பாடுபவர் வைத்த இடம். வேகப் பிழை எல்லாச் சுரங்களையும் ஒரே விகிதத்தில் நகர்த்துவதால் இராகம் சிதைவதேயில்லை. தோடி தோடியாகவே இருக்கும். காந்தாரம் அசையும் விதமும் பழுதுபடாது, சற்று மெதுவாக அசையும், அவ்வளவே. தம்புரா கூடவே இறங்குகிறது, வயலினும் கூடவே இறங்குகிறது. இராகத்தைக் கூர்ந்து கேட்கும் செவி இப்பிழைக்குச் செவிடாகிவிடுகிறது. நானே பதினாறு முறையாவது கேட்டிருப்பேன். கண்டுபிடித்தவர் சுருதியைக் கேட்காமல் தோலின் நாதத்தையும் தம் கைவேகத்தையும் கேட்டவர். அறிவிப்பாளரின் பேச்சைக் கவனித்திருந்தால் நானும் கண்டிருக்கலாம். அவர் தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல் பேசுகிறார். ஆனால் அறிவிப்பை யார் கேட்கிறார்கள்? தள்ளிவிட்டுத்தானே கேட்கிறோம்.

இந்தச் சிக்கலில் வேடிக்கையான ஒரு வகையும் உண்டு. டாட் எனப்படும் சிறு எண்ம நாடாவில் நீண்ட நேரப் பதிவுக்கென 32,000 வீதம் இருந்தது. அதை 48,000 என்று தவறாகக் குறித்தால் விகிதம் சரியாக 3:2. அதாவது சட்ஜம் பஞ்சமத்தில் போய் நிற்கும்! அவ்வளவு பெரிய பிழையை எவரும் கேட்டவுடன் கண்டுகொள்வர். ஆபத்தானவை நடுத்தரப் பிழைகளே. நம்பக்கூடிய அளவில் இருப்பதால் அவை வரலாறாகிவிடுகின்றன.

எண்மப் பதிவுக்கு முந்தைய காலத்தில் நிலைமை இன்னும் மோசம். ‘78 சுற்று’ என்று நாம் பொதுவாகச் சொல்லும் இசைத்தட்டுகளில், தொடக்க காலத்தவை பல 70க்கும் 80க்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு வேகத்தில் பதியப்பட்டவை. 74இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் 91 சென்ட், ஏறக்குறைய ஒரு முழுச் சுரத்தானம், ஏறிவிடும். எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டுகளைக் கேட்டு அவர் எட்டிய உயரத்தை வியக்காதவர் இல்லை, நானும் வியக்கிறேன். அவர் இயல்பாகவே உச்சத்தில் பாடியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘இத்தனையாவது கட்டை’ என்று ஒரு தட்டை மட்டும் வைத்துச் சொல்பவரிடம், எந்தத் தட்டு, எந்த வேகம், அந்த வேகத்தை எப்படி நிறுவினீர் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. டி.என். இராஜரத்தினம் பிள்ளை உயர்ந்த சுருதித் திமிரி நாகசுரத்திலிருந்து நீண்ட, தாழ்ந்த சுருதியுள்ள பாரி நாகசுரத்துக்கு மாறியது தமிழிசை வரலாற்றில் ஒரு திருப்பம். எந்தப் பதிவில் எந்தக் கருவி என்பதைச் சுருதியை அளந்தே முடிவுசெய்யப் புகுந்தால், ஓட்டிய வேகமே கருவியை மாற்றிக் காட்டிவிடும்.

மொழியியல் நண்பர்களும் இதைத் தமக்குத் தொடர்பில்லாதது என்று கடந்துவிட வேண்டாம். கிரியர்சனின் மொழிக் கணக்கெடுப்புக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதியப்பட்ட இசைத்தட்டுகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. குறில் நெடில் கால அளவையும் உயிரொலிகளின் அதிர்வெண்களையும் அவற்றிலிருந்து அளக்க விரும்புவோர், வேகம் மாறினால் இரண்டுமே சேர்ந்து மாறும் என்பதை நினைவில் கொள்க. குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள விகிதம் தப்பிக்கும். தனி அளவு எதுவும் தப்பாது.

இனி என் மனக்குறை. பிழையைக் கண்டதும் கோப்புகளைத் தந்த நிறுவனத்துக்கு எழுதினேன். பெயர் வேண்டாம், அங்குள்ளோர் நல்லவர்கள், ஆள் குறைவு, வேலை மிகுதி. பத்தே நாளில் ‘திருத்தப்பட்ட’ கோப்புகள் வந்தன. திறந்து பார்த்தேன்: சுருதி ஏறியிருந்தது, நேரம் மாறவில்லை. காலத்தைத் தொடாமல் சுருதியை மட்டும் நகர்த்தும் மென்பொருள் வசதியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சட்ஜம் ஐந்தரைக் கட்டைக்கு வந்துவிட்டது. மிருதங்கம் அதே சோம்பலில் நடக்கிறது. தலைப்பகுதியில் ஒரே ஓர் எண்ணை மாற்றியிருந்தால் போதும்; ஒரு மாதிரிகூடச் சிதையாமல் சுருதியும் காலமும் ஒருசேரச் சரியாகியிருக்கும். அதற்குப் பதிலாக ஒலியின் ஒவ்வொரு துணுக்கும் கூறுபோட்டு ஒட்டப்பட்டது. மிருதங்க அடிகளின் முனை மழுங்கியது. அதைவிடக் கொடியது, பழைய கோப்பின்மேலேயே புதியது எழுதப்பட்டுவிட்டது. அவர்களது வழங்கியில் இன்று முதல் பிரதி இல்லை. என் வன்தட்டில் இருப்பதுதான் எஞ்சியது.

இதை ஒரு தொழில்நுட்பப் பிழை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. இது பதிப்புப் பிழை. தமிழ் மாணவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா. படிப்பவர் ஊகித்தே படிக்க வேண்டும். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரும் ஊகித்தார். ஆனால் அவர் மரபில் பாடபேதம் குறிப்பில் நிற்கும், ஏடு எரிக்கப்படாது. சாம்ப்ளிங் வீதம் எழுதப்படாத நாடாவும் புள்ளியில்லாத சுவடிதான். அதற்கு வீதம் குறிப்பவர் பதிப்பாசிரியர். அவர் தம் ஊகத்தைச் சொல்ல வேண்டும், சான்றைச் சொல்ல வேண்டும், எவ்வளவு உறுதி என்பதையும் சொல்ல வேண்டும். மூலத்தின்மேல் எழுதும் உரிமை அவருக்கில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பன்று. ஒலி, ஒளி ஆவணக்காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதே: எண்ம நாடாவை அதன் சொந்த வீதத்திலேயே மாற்றுக, மூலப் பிரதியை அப்படியே காக்க, திருத்தம் வேண்டுமெனில் தனிப் பிரதியில் செய்க, செய்ததை எழுதி வைக்க. தில்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தின் தேசியப் பண்பாட்டு ஒலி-ஒளி ஆவணக்காப்பகம் ஐ.எஸ்.ஓ. 16363 தரச்சான்றை உலகிலேயே முதலில் பெற்றது, பெருமைக்குரிய செய்தி. ஆனால் அத்தகைய சான்று, வந்து சேர்ந்த கோப்பு இனிச் சிதையாது என்பதற்குத்தான் உறுதி. வருவதற்கு முன் நாடா எந்த வேகத்தில் ஓடியது என்பதை எந்தச் சான்றும் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் ஆய்வாளர்கள். நாமோ கோப்பை வாங்கியதும் மென்பொருளில் போட்டு எண்ணை எடுத்து அட்டவணை போடுகிறோம்.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதை நான் மதிக்கிறேன். பிழையான வேகமும் வரலாறுதானே என்பார்கள். தூர்தர்ஷனில் திரைப்படம் பார்த்து வளர்ந்த தலைமுறையை எண்ணிப் பாருங்கள். நொடிக்கு 24 சட்டகங்களில் எடுத்த படம், நம் பால் முறைத் தொலைக்காட்சிக்காக 25 சட்டகங்களில் ஓட்டப்பட்டபோது, மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னதாக முடிந்தது. பாடல்கள் 70 சென்ட் ஏறி ஒலித்தன. பலருக்கு அப்பாடல்களின் ‘உண்மையான’ சுருதி அதுதான். கேட்டவர்களின் அனுபவத்தை ஆய்பவருக்குத் திருத்தப்பட்ட பிரதி பயன்படாது. முற்றிலும் சரி. அதனால்தான் இரண்டு பிரதியும் இருக்க வேண்டும் என்கிறேன். ‘அப்படியே விட்டுவிடுக’ என்பதும் ‘திருத்தி மேலெழுதுக’ என்பதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். இரண்டிலும் ஒரு பிரதிதான் மிஞ்சுகிறது.

சான்றுகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. மின் இரைச்சலைக் கண்டதும் அதையே துலாக்கோலாகக் கொள்ள வேண்டாம். மின்கட்டமைப்பு 49இல் இருந்த நாளில் பதிந்ததை 50 என்று கொண்டு ‘திருத்தினால்’ நீங்களே 35 சென்ட் பிழையை உண்டாக்குவீர்கள். 48,000மா 44,100மா என்ற கேள்விக்கு இரைச்சல் போதும். நுண்மையான கேள்விக்குப் போதாது. பழைய ஒப்புமை நாடாக்களில் இன்னொரு கண்ணி: மின் அதிர்வெண்ணோடு இணைந்து சுழலும் மோட்டார் கொண்ட கருவியில், மின்சாரம் தளர்ந்தால் நாடாவும் தளரும், பின்னாளில் சீரான மின்சாரத்தில் ஓட்டும்போது இரைச்சல் சரியாக 50இல் வந்து நிற்கும். மின்கலத்தில் ஓடிய களப்பதிவுக் கருவிக்கு இது பொருந்தாது. நிலையான சுருதியுள்ள கருவி உடனிருந்தால் நல்லது. ஆனால் வானொலி 1940இலிருந்து 1971 வரை ஆர்மோனியத்தையே விலக்கி வைத்திருந்தது என்பதால், அக்கால ஒலிபரப்புகளில் அந்த வசதியும் நமக்கில்லை.

பல்தடப் பதிவில் சுருதியைவிடக் காலமே கறாரானது என்பதையும் இந்த வேலையில்தான் உணர்ந்தேன். இரண்டு கருவிகள் தத்தம் கடிகாரத்தில் தனித்தனியே ஓடி, அவற்றிடையே பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தால், சுருதியில் அது 0.2 சென்ட்கூட இல்லை. எந்தச் செவிக்கும் எட்டாது. ஆனால் ஒரு மணி நேரத்தில் 0.36 நொடி விலகல். பல்லவியின் முடிவில் குரல் ஒரு தடத்திலும் மிருதங்கம் மற்றொரு தடத்திலும் இருந்தால், அரை நூற்றாண்டு வாசித்த கலைஞரை அந்த 0.36 நொடி தாளம் தெரியாதவராக்கிவிடும். சுருதியைத் தாயென்றும் லயத்தைத் தந்தையென்றும் சொல்லும் மரபில் தாய் பொறுத்துக்கொள்கிறாள், தந்தை பொறுப்பதில்லை.

என் பாடகியிடம் திரும்புகிறேன். தலைப்பகுதியைத் திருத்திய கோப்பில் சட்ஜம் 208 ஹெர்ட்ஸ். எண்பதுகளின் கேசட்டில் 207. ஆனால் வீட்டுக் கேசட் கருவியின் வேகம் இரண்டு விழுக்காடு பிறழ்வது சாதாரணம். அதுவே 34 சென்ட். ஆகவே அவர் சுருதி மாறவேயில்லை என்றும் நான் எழுத இயலாது. சுரத்தானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாறியதற்குச் சான்றில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பதினோரு பக்கம் நின்ற இடத்தில் இப்போது ஒரு பத்தி.

வித்துவானிடம் திருத்திய தனியை எடுத்துச் சென்றேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். “இப்ப சரி. ஆனா அந்த மோரா அன்னிக்கு அரை மாத்திரை தள்ளித்தான் விழுந்துது, அதை நீ திருத்திடாதே” என்றார்.

என் வன்தட்டிலிருந்த முதல் பிரதியை, திருத்தக் குறிப்பு ஒன்றுடன் அந்நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூல நாடாக்கள் அவர்களிடம் இன்னும் இருக்கின்றன. ஓட்டக்கூடிய கருவிதான் இல்லை. எண்ம நாடா பழையதாகும்போது ஒப்புமை நாடாபோல் மெல்ல மங்குவதில்லை, ஒரு கட்டத்தில் ஊமையாகிவிடும். தில்லியிலோ அருகிலோ இயங்கும் நிலையில் அடாட் கருவி வைத்திருப்போர், பழுது பார்க்கத் தெரிந்தோர், கீழே ஒரு வரி எழுதுங்கள். என் கருத்தரங்கக் கட்டுரையை மேற்கோள் காட்டியுள்ள மாணவர்கள் அந்த ஒன்றரைச் சுரத்தானத்தை அருள்கூர்ந்து நீக்கிவிடுங்கள்.